பங்கு பிரிக்கத் தெரியுமா?

பத்து மாம்பழங்களை இரண்டு பிள்ளைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் தாய் கணக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஐந்து என்று கொடுத்துவிடுவாள். மூத்தவன் பாடசாலையிலிருந்து களைத்து வந்திருந்தால் அவனுக்கு ஆறும் இளையவனுக்கு நான்குமாகக் கொடுப்பாள். தான் கொடுத்தது 3:2 என்னும் விகிதம் என்பது அவளுக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால், அதே பிள்ளைகள் வளர்ந்து, கூட்டாக ஒரு கடை வைத்து, ஆண்டு முடிவிலே பேரேட்டைத் திறந்து இலாபத்தைப் பங்கிட உட்காரும்போது தாயின் கைக்கணக்குப் போதாது. அங்கே விகிதம் தெரிந்திருக்க வேண்டும். அந்த விகிதம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

பாடசாலைகளிலே விகிதமும் விகிதசமமும் என்று கற்பிக்கப்படும் பாடம் இதுவே. பரீட்சைக்காக வழியை மனனஞ் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும் மாணவர் அநேகர். பின்னர், காணி விற்ற பணமோ, கூட்டுக் கடையின் இலாபமோ, தந்தை விட்டுச்சென்ற சேமிப்போ பங்கிடப்படும் வேளையில் அந்தப் பாடம் நினைவுக்கு வாராமையால் உண்டாகும் மனக்கசப்புக்கள் சொல்லுந்தரமல்ல. ஆகவே, இக்கணக்கைப் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கிருந்து ஒரு முறை செய்து பார்ப்பது நன்று. பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடகம் எவ்வளவு பெரிது?

களத்திலே நெல் குவிந்து கிடக்கின்றது. அதனை மூவர் 2:3:5 என்னும் விகிதத்திற் பிரித்துக்கொள்ள வேண்டும். தராசு இல்லை, ஒரு கடகம் மாத்திரம் இருக்கின்றது. என்ன செய்யலாம்? முதலாமவருக்கு 2 கடகம், இரண்டாமவருக்கு 3 கடகம், மூன்றாமவருக்கு 5 கடகம் என்று அள்ளிப் போடலாம். ஒரு சுற்றுக்கு 10 கடகம் போயிற்று. குவியல் தீரும்வரை இவ்வாறே அள்ளினாற் பங்கீடு சரியாகிவிடும். இனி, குவியல் முழுவதும் ஒரே சுற்றில் தீர்ந்துவிடக்கூடிய மிகப் பெரிய கடகம் ஒன்று நம்மிடம் இருப்பதாக நினைத்துக்கொள்வோம். அது எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்? குவியலிற் பத்திலொரு பங்கைக் கொள்ளவேண்டும். விகிதக் கணக்கின் உயிர்நிலை இந்தக் கடகத்தின் அளவைக் காண்பதிலேயே இருக்கின்றது.

நெல்லுக்குப் பதிலாக 60,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பங்குகளைக் கூட்டினால் 2 + 3 + 5 = 10. ஒரு பங்கு, அதாவது ஒரு கடகம், 60,000 ÷ 10 = 6,000 ரூபா. ஆகவே, மூவருக்கும் முறையே 12,000 ரூபா, 18,000 ரூபா, 30,000 ரூபா. மூன்றையும் கூட்டிப் பார்த்தால் 60,000 ரூபா வருகின்றது. கூட்டு, வகு, பெருக்கு, மீண்டும் கூட்டிச் சரிபார் என்னும் நான்கு படிகளும் மனத்திற் பதிந்தால் எவ்வகைப் பங்குக் கணக்கையும் அஞ்சாமல் அணுகலாம்.

மாணவர் பெரும்பாலும் தவறுவது ஓரிடத்தில்தான். 2:3 என்று கண்டவுடன், முதலாமவருக்கு மொத்தத்தில் மூன்றில் இரண்டு என்று எழுதிவிடுகின்றனர். விகிதம் ஒருவரின் பங்கை மற்றவரின் பங்கோடு ஒப்பிடுகின்றது. மொத்தத்தோடு ஒப்பிட வேண்டுமாயின் எல்லாப் பங்குகளையும் கூட்டியாக வேண்டும். இருவர் மட்டும் 2:3 என்று பிரித்தால் முதலாமவருக்குக் கிடைப்பது ஐந்தில் இரண்டு; மேலே கண்டவாறு மூன்றாமவர் ஒருவர் 5 பங்கோடு வந்து சேர்ந்தால் அது பத்தில் இரண்டாகிவிடும். முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையிலுள்ள விகிதம் மாறவில்லை. ஆனால் முதலாமவரின் கைக்கு வரும் பணம் பாதியாகிவிட்டது!

சில கணக்குகளில் மொத்தத் தொகை தரப்படுவதில்லை. “அண்ணனும் தம்பியும் ஒரு தொகையை 3:5 என்று பிரித்தனர்; தம்பிக்கு 8,000 ரூபா கூடுதலாகக் கிடைத்தது; தொகை எவ்வளவு?” என்று கேட்கப்படும். அவசரக்காரர் 8,000 ரூபாவை 8 ஆல் வகுத்துவிட்டு, ஒரு பங்கு 1,000 ரூபா என்பர். ஆனால், 8,000 ரூபா எத்தனை கடகம்? தம்பியிடம் 5, அண்ணனிடம் 3. வித்தியாசம் 2 கடகம். எனவே ஒரு கடகம் 4,000 ரூபா. மொத்தம் 8 கடகம், 32,000 ரூபா. வினாவிற் காணப்படும் தொகை எத்தனை பங்குக்குரியது என்று முதலிற் கேட்டுக்கொள்வதே இதற்கு மருந்து.

இன்னொரு வகையும் உண்டு. முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் 2:3. இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் 4:5. இங்கே இரண்டாமவர் ஒரிடத்தில் 3 ஆகவும் மற்றோரிடத்தில் 4 ஆகவும் தோன்றுகின்றார். ஒருவருக்கு இரண்டு வேடம் ஆகாது. 3, 4 என்பவற்றின் பொது மடங்குகளுட் சிறியது 12 ஆதலின் அவரை இரு விகிதங்களிலும் 12 ஆக்குவோம். முதல் விகிதம் 8:12 ஆகும்; இரண்டாவது 12:15 ஆகும். மூவருக்கும் 8:12:15. மொத்தம் 35 பங்கு. 70,000 ரூபாவாயின், பங்கொன்றுக்கு 2,000 ரூபா வீதம் 16,000, 24,000, 30,000 ரூபா கிடைக்கும்.

பின்னமாகச் சொல்லப்படும் பங்குகள்

பங்குகளைப் பின்னமாகச் சொல்வது உலகெங்கும் தொன்றுதொட்ட வழக்கம். தமிழர் திண்ணைப் பள்ளிகளிலே எண்சுவடி மூலம் பின்னங்களைப் பிள்ளைகளுக்கு மனனஞ் செய்வித்தனர். கால், அரை, முக்கால் என்பன நாம் இன்றும் வழங்குபவை. அவற்றிற்குக் கீழே அரைக்கால் எட்டிலொன்று, மாகாணி பதினாறிலொன்று, மா இருபதிலொன்று, காணி எண்பதிலொன்று, முந்திரி முந்நூற்றிருபதிலொன்று. இவற்றை முந்திரியாக மாற்றினால் எல்லாம் முழு எண்களாகிவிடுவதைக் கவனியுங்கள். காணி 4 முந்திரி, மா 16, மாகாணி 20, அரைக்கால் 40, கால் 80, அரை 160. பொது மடங்குகளுட் சிறியதை ஒவ்வொரு முறையும் தேடும் வேலையை 320 என்னும் ஓரெண் குறைத்துவிட்டது. ஆனால், மூன்றிலொன்று என்னும் பங்கு இவ்வளவைக்குள் முழுதாக அடங்காது. 320ஐ மூன்றால் மீதியின்றி வகுக்க முடியாதல்லவா?

எகிப்தியரும் இக்கணக்கிலே வல்லவர்கள். கிறித்துவுக்கு முன் 1550ஆம் ஆண்டளவில் ஆமோசு என்னும் எழுத்தர் படியெடுத்த பாப்பிரசுச் சுருள் ஒன்று இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் இருக்கின்றது. அதில், 700 அப்பங்களை நால்வருக்கு 2/3, 1/2, 1/3, 1/4 என்னும் விகிதத்திற் பங்கிடும் கணக்கொன்று உண்டு. நாம் இன்று செய்யும் முறையிலே செய்வோம். பின்னங்களின் கீழெண்களுக்குப் பொது மடங்குகளுட் சிறியது 12. அதனாற் பெருக்க, பங்குகள் 8:6:4:3 ஆகின்றன. கூட்டுத்தொகை 21. அப்பங்கள் 700ஐ 21 ஆல் வகுத்தால் பங்கொன்று 33 1/3. நால்வருக்கும் முறையே 266 2/3, 200, 133 1/3, 100 அப்பங்கள். மூவாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அச்சுருளிற் காணப்படும் விடையும் இதுவே.

இக்கணக்கிலே ஒரு நுட்பம் மறைந்திருக்கின்றது. 2/3, 1/2, 1/3, 1/4 என்பவற்றைக் கூட்டினால் ஒன்றேமுக்கால் வருகின்றது. ஒன்று இருக்கும் இடத்தில் ஒன்றேமுக்கால் எங்ஙனம் கொடுப்பது? ஆகவே அப்பின்னங்களை மொத்தத்தின் பங்காகக் கொள்ளாமல் ஒன்றோடொன்று ஒப்பிடும் அளவாகவே கொள்ளவேண்டும். பின்னங்கள் தரப்பட்டால், அவற்றைக் கூட்டினாற் சரியாக ஒன்று வருகின்றதா என்று பார்ப்பதே முதல் வேலை.

ஒன்றுக்குக் குறைந்தால் என்ன நேரும் என்பதைப் பல நாடுகளில் வழங்கும் ஒட்டகக் கதை காட்டுகின்றது. ஒரு தந்தை, தம்மிடமிருந்த 17 ஒட்டகங்களில் மூத்த மகனுக்கு அரைவாசி, இரண்டாம் மகனுக்கு மூன்றிலொன்று, கடைசி மகனுக்கு ஒன்பதிலொன்று என்று சொல்லி இறந்தார். பதினேழை எப்படி வெட்டினாலும் உயிருள்ள ஒட்டகமாகப் பங்கு வரவில்லை. பிணக்குத் தீர்க்க வந்த பெரியவர் தம் ஒட்டகமொன்றை அவற்றோடு சேர்த்து 18 ஆக்கினார். மூத்தவனுக்கு 9, அடுத்தவனுக்கு 6, கடைசிப் பிள்ளைக்கு 2 என்று கொடுத்தார். கூட்டினால் 17, மிஞ்சிய தம் ஒட்டகத்தில் ஏறிப் போய்விட்டார்.

இதில் மாயம் எதுவும் இல்லை. 1/2, 1/3, 1/9 என்பவற்றின் கூட்டுத்தொகை 17/18. தந்தை சொன்னபடியே கொடுத்தால் ஒன்றில் பதினெட்டிலொரு பங்கு எவருக்கும் உரியதாகாமல் எஞ்சும். பெரியவர் அந்தப் பின்னங்களை 9:6:2 என்னும் விகிதமாக்கி, எஞ்சிய துண்டையும் அதே விகிதத்திற் பிள்ளைகளுக்கே சேர்த்துவிட்டார். தந்தை சொன்னதிலும் சற்று அதிகமாகவே மூவருக்கும் கிடைத்தமையால் எவரும் குறைகூறவில்லை.

ஒன்றுக்கு மேற்பட்டாலோ குறைகூறாதிருத்தல் அரிது. ஒவ்வொருவரும் சிறிது விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். இசுலாமிய உரிமைச் சட்டம் இதனை மிக விரிவாக ஆராய்ந்திருக்கின்றது. இறந்த பெண்ணொருத்திக்குக் கணவனும் உடன்பிறந்த சகோதரிமார் இருவரும் மட்டுமே உரித்தாளராக எஞ்சியிருந்தால் கணவனுக்குரியது 1/2. சகோதரிமார் இருவருக்கும் சேர்த்து 2/3. இரண்டையும் கூட்டினால் 7/6. ஆறு பங்குள்ள சொத்திலே ஏழு பங்கு கேட்கப்படுகின்றது. சுன்னி மரபினர் இதற்கு ‘அவ்ல்’ என்னும் முறையைக் கைக்கொள்கின்றனர். 3:4 என்னும் விகிதத்தை மாற்றாமல், ஆறை ஏழாக்கி, கணவனுக்கு ஏழில் மூன்றும் சகோதரிமாருக்கு ஏழில் நான்கும் கொடுப்பர். சொத்து 7 இலட்சம் ரூபாவாயின் 3 இலட்சமும் 4 இலட்சமும். எல்லோருடைய பங்கும் ஒரே அளவாகச் சுருங்குவதால் ஒருவர் மட்டும் நட்டப்படுவதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டிலே பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிசுமி எழுதிய அட்சரகணித நூலிலே பெரும் பகுதி மரணசாசனம், உரிமைப் பங்கு ஆகியவை பற்றிய கணக்குகளாகவே இருப்பதும் இங்கு நினைத்தற்குரியது. அட்சரகணிதம் வளர்ந்த இடங்களுள் குடும்பச் சொத்துப் பங்கீடும் ஒன்று.

கடை ஒன்று, விடை நான்கு

இனி வியாபாரத்துக்கு வருவோம். 1150ஆம் ஆண்டளவிற் பாஸ்கராசாரியர் இயற்றிய லீலாவதியிலே மூன்று வணிகர் 51, 68, 85 என்று முதலிட்டு வியாபாரஞ் செய்து, முதலும் இலாபமுமாக 300 ஆக்கிய கணக்கு ஒன்று வருகின்றது. எண்களைக் கண்டு அஞ்சவேண்டாம். மூன்றும் 17இன் மடங்குகள். ஆகவே விகிதம் 3:4:5. கூட்டுத்தொகை 12, பங்கொன்று 25. மூவருக்கும் 75, 100, 125. முதலைக் கழித்தால் இலாபம் 24, 32, 40. முதலுக்கு ஏற்ப இலாபம் என்பதே இங்குள்ள விதி.

ஆனால், மூவரின் முதலும் ஒரே காலம் வியாபாரத்தில் இருந்தால் மட்டுமே இவ்விதி போதும். பின்வரும் கடையைப் பாருங்கள். அண்ணன் 4 இலட்சம் ரூபா முதலிட்டு ஆண்டின் முதல் நாள் கடையைத் திறந்தார். நான்கு மாதங்களின் பின் தம்பி 6 இலட்சம் ரூபாவோடு சேர்ந்தார். எட்டு மாதங்களின் பின் மைத்துனர் 9 இலட்சம் ரூபாவோடு சேர்ந்தார். ஆண்டு முடிவில் இலாபம் 418,000 ரூபா. எப்படிப் பங்கிடுவது?

முதலை மட்டும் பார்த்தால் விகிதம் 4:6:9. மொத்தம் 19, பங்கொன்று 22,000 ரூபா. அண்ணனுக்கு 88,000, தம்பிக்கு 132,000, மைத்துனருக்கு 198,000. கடைசியாக வந்து நான்கு மாதமே பணத்தைப் போட்டவருக்கு எல்லாரிலும் அதிகம்! அண்ணன் முகஞ் சுளித்தால் வியப்பில்லை.

ஆகவே பாடநூல்கள் முதலைக் காலத்தாற் பெருக்கச் சொல்கின்றன. ஓர் இலட்சம் ரூபா ஒரு மாதம் வேலை செய்வதை ஓர் அலகாகக் கொள்வோம். அண்ணனுடையது 4 × 12 = 48; தம்பியுடையது 6 × 8 = 48; மைத்துனருடையது 9 × 4 = 36. விகிதம் 4:4:3. மொத்தம் 11, பங்கொன்று 38,000 ரூபா. அண்ணனுக்கும் தம்பிக்கும் தலைக்கு 152,000, மைத்துனருக்கு 114,000. பரீட்சையிலே இதற்குத்தான் முழுப் புள்ளியும் கிடைக்கும்.

இதோடு முடிந்துவிட்டதா? விடியற்காலையிற் கதவு திறந்து, இரவிற் பூட்டும்வரை கல்லாவில் இருந்தவர் அண்ணன். தம்பி அரசாங்க உத்தியோகத்தர்; மைத்துனர் வேறூரில் இருப்பவர். அண்ணனின் உழைப்புக்கு மாதம் 11,000 ரூபா படி என்று மூவரும் இசைந்திருந்தால், ஆண்டுக்கு 132,000 ரூபாவை முதலில் எடுத்துவைக்க வேண்டும். எஞ்சுவது 286,000 ரூபா. அதனை 4:4:3 என்று பிரித்தால் 104,000, 104,000, 78,000. அண்ணனுக்குப் படியோடு சேர்த்து 236,000 ரூபா.

இனி, மூவரும் இசைவு எதுவும் செய்துகொள்ளாமல், ‘நமக்குள் என்ன எழுத்து’ என்று இருந்துவிட்டால்? இங்கேதான் பலர் அறியாத ஒன்று இருக்கின்றது. பங்குடைமை பற்றிய விடயங்களில் இங்கிலாந்துச் சட்டத்தையே பின்பற்ற வேண்டும் என்று இலங்கையின் 1852ஆம் ஆண்டு 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வகுத்தது. இங்கிலாந்தின் 1890ஆம் ஆண்டுப் பங்குடைமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவோ, பங்காளருக்கிடையே வேறு உடன்பாடு இல்லாதவிடத்து இலாபத்தைச் சமமாகப் பகிரவேண்டும் என்கின்றது. நட்டத்தையும் சமமாகவே தாங்கவேண்டும். கூட்டை நடத்தியமைக்கு எந்தப் பங்காளரும் ஊதியம் கேட்க முடியாது என்பதும் அப்பிரிவிலேயே உண்டு. அப்படியானால் மூவருக்கும் தலைக்கு 139,333 ரூபா 33 சதம். ஒரு சதம் மிஞ்சும்.

ஒரே கடை, ஒரே இலாபம். அண்ணனின் பங்கு முதல் வழியில் 88,000 ரூபா. இரண்டாம் வழியில் 152,000. மூன்றாம் வழியில் 236,000. நான்காம் வழியில் 139,333 ரூபா 33 சதம். நான்கு வழியிலும் கூட்டல் பிழையில்லை, வகுத்தல் பிழையில்லை. ஒவ்வொன்றையும் கூட்டிச் சரிபார்த்தால் 418,000 ரூபா வரும். எந்த வழி நீதியானது என்று எண்களைக் கேட்டால் அவை விடை சொல்லமாட்டா. எதற்கு ஏற்பப் பங்கு என்பதை மனிதரே முடிவு செய்யவேண்டும். அதன் பின்னரே கணக்குக்கு வேலை உண்டு.

இலாபம் வந்தபின் இம்முடிவைச் செய்ய முற்படுவதுதான் வினையாகின்றது. அப்போது ஒவ்வொருவரும் தமக்கு அதிகம் தரும் விகிதத்தையே நியாயமென்று நம்புவர். பொய்யாக அன்று, மெய்யாகவே நம்புவர். கடை திறக்குமுன், எவர் எவ்வளவு பெறுவார் என்பது தெரியாத வேளையில், விகிதத்தைப் பேசித் தீர்த்துக்கொள்வது எளிது. பேசியதை எழுதிவைத்தல் வேண்டும். மூலதனம் ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட பங்குடைமையைத் தாபிக்கும் ஒப்பந்தம் எழுத்திலே கையொப்பத்தோடு இருத்தல் வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் விதிக்கின்றது. இன்று ஆயிரம் ரூபாவுக்கு உட்பட்ட முதலோடு எந்தக் கடையைத் திறக்கலாம்? ஆகவே, உடன்பிறந்தாரிடம் எழுத்துக் கேட்பதை அவநம்பிக்கை என்று கருதவேண்டாம். நாளை எழக்கூடிய அவநம்பிக்கையை இன்றே தடுக்கும் வேலி அது.

நான்கு கேள்விகள்

பரீட்சை மண்டபத்தில் இருக்கும் மாணவருக்கும், பேரேட்டின் முன் இருக்கும் பெரியவர்களுக்கும் கேள்விகள் இவையே.

முதலாவது: பங்கிடப்படுவது எது? மொத்தத் தொகையா, செலவும் படியும் கழித்த மீதியா, இருவர் பங்கின் வித்தியாசமா?

இரண்டாவது: எதற்கு ஏற்பப் பங்கு? முதலுக்கா, முதலுக்கும் காலத்துக்குமா, தலைக்குச் சமமா?

மூன்றாவது: பங்குகளின் கூட்டுத்தொகை என்ன? பின்னமாயின் அது ஒன்றுக்குச் சரியா, கூடவா, குறைவா?

நான்காவது: விடைகளைக் கூட்டினால் எடுத்துக்கொண்ட தொகை மீண்டும் வருகின்றதா? மிஞ்சிய சதம் எவரைச் சேரும்?

முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடையை வினாத்தாள் மாணவருக்குச் சொல்லிவிடுகின்றது; ஊன்றி வாசித்தாற் போதும். வாழ்க்கை அவ்வாறு சொல்லித் தருவதில்லை. குடும்பத்தார் கூடியிருந்து அவ்விரண்டுக்கும் விடை கண்டுவிட்டால், மற்ற இரண்டையும் எட்டாம் வகுப்புப் பிள்ளையிடமே விட்டுவிடலாம்.

செய்து பாருங்கள்

1. 9,000 ரூபாவை மூவருக்கு 1/3, 1/4, 1/6 என்னும் விகிதத்திற் பங்கிடுக.

2. அக்காவும் தங்கையும் ஒரு தொகையை 7:4 என்று பிரித்தனர். அக்காவுக்கு 1,500 ரூபா கூடுதலாகக் கிடைத்தது. பிரித்த தொகை எவ்வளவு?

3. ஒருவர் 50,000 ரூபாவை ஓராண்டுக்கும், மற்றவர் 75,000 ரூபாவை ஆறு மாதங்களுக்கும் ஒரு வியாபாரத்தில் இட்டனர். முதலுக்கும் காலத்துக்கும் ஏற்ப இலாபம் என்பது உடன்பாடு. இலாபம் 21,000 ரூபாவாயின் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு?

விடைகள்: (1) 4,000 ரூபா, 3,000 ரூபா, 2,000 ரூபா. (2) 5,500 ரூபா. (3) 12,000 ரூபா, 9,000 ரூபா.